பாட்டில்லாப் பதிகம்: நெடுங்காலக் கிரிக்கெட்டுச் சேமிப்பு ஒன்றன் மீள்நோக்கு

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நமக்குக் கிடைத்தில. எஞ்சிய எட்டுப் பத்துகளின் ஈற்றிலும் பதிகங்கள் உள்ளன. பாடப்பெற்ற சேர மன்னன் பெயர், அவன் அருஞ்செயல், பாடிய புலவர் பெயர், பாட்டுகளின் பெயர், புலவர் பெற்ற பரிசில், மன்னன் அரசு வீற்றிருந்த யாண்டுகள் ஆகியவற்றை அவை தொகுத்துக் கூறுகின்றன. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 58 யாண்டு வீற்றிருந்தான் என்பதை நாம் பதிகத்தாலேயே அறிகிறோம். பாட்டுகள் எண்பதும் அழிந்து, பதிகங்கள் எட்டுமே நம் கைக்கு வந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? பெயரும் யாண்டும் பரிசிலும் எஞ்சியிருக்கும். பாட்டை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தே புனைந்துகொண்டிருப்பர். நாளடைவில் தாம் புனைந்ததையே பழம்பாட்டு என்று மயங்கவும் கூடும்.

இம்மயக்கம் வெறும் கற்பனையன்று. அஃது எமக்கே நேர்ந்தது. பழைய ஏட்டில் நேரவில்லை. கணிப்பொறி ஆட்டம் ஒன்றில் நேர்ந்தது. அதனை ஆராய்ந்து கூறுதலும், அதன்வழி எம் வகுப்புரை ஒன்றனைத் திருத்திக்கொள்ளுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். ஈண்டு 'யாம்' என்பது கட்டுரையாசிரியரை மட்டும் குறிக்கும். ஆட்டத்தில் உடனிருந்த நண்பரையும் சேர்த்துக் குறிக்குமிடத்து 'இருவரும்' என்று கூறுவாம்.

1. ஆட்டத்தின் இயல்பு

'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' என்னும் ஆட்டம் 1998-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. பின்னர்ப் பல பதிப்புகளைக் கண்டது. ஆடுவோர் இதில் மட்டையையோ பந்தையோ இயக்குவதில்லை. குழுவைத் தேர்தல், பந்து வீசுவோரை மாற்றுதல், களத்தில் ஆட்களை நிறுத்துதல், மட்டையாளர் துணிந்து ஆடுவதா பொறுத்து ஆடுவதா என வரையறுத்தல் ஆகிய தலைவன் தொழில்களே அவர்க்கு உரியன. ஒவ்வொரு பந்தின் முடிவையும் ஆட்டக்காரர் திறனும் தற்செயலும் கலந்த கணக்கினால் கணிப்பொறியே உரைக்கும். ஒரு பருவம் முடிந்ததும் முதியோரை விடுவித்தலும் இளையோரைச் சேர்த்தலும் நிகழும். அதன்பின் அடுத்த பருவம் தொடங்கும்.

ஆட்டத்தை நிறுத்துங்கால் அப்போதைய நிலை முழுதும் ஒரு கோப்பில் எழுதப்படும். அதுவே சேமிப்பு எனப்படுவது. அதனைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பல்லாண்டு தொடர்ந்த சேமிப்பு ஒன்று, ஒரு குழுவின் தலைமுறை வரலாறாகவே ஆகிவிடுகின்றது.

எம் சேமிப்பு 2001-ஆம் ஆண்டு செங்கற்பட்டில், கொளவாய் ஏரியை அடுத்த நண்பர் இல்லத்தில் தொடங்கப்பெற்றது. இருவரும் அக்காலத்து மாணவர். நண்பர் பின்னர் மாமல்லபுரத்தில் கற்சிற்பத் தொழில் மேற்கொண்டார். யாம் தமிழ் பயிற்றும் தொழிலுக்கு வந்தோம். டெர்பிஷயர்க் குழுவை இருவரும் விரும்பி எடுத்தோம். உண்மை வரலாற்றில் அக்குழு மாவட்ட வாகைப் பட்டத்தை 1936-ஆம் ஆண்டு ஒரே ஒருமுறை வென்றது. எளிய குழுவை உயர்த்துதல் இளமைக்கு உகந்த வேட்கையன்றோ! விடுமுறைதோறும் ஆடி, 2005-ஆம் ஆண்டுக்குள் ஆட்டத்தின் காலக்கணக்கில் 1998 முதல் 2016 முடியப் பத்தொன்பது பருவங்களைக் கண்டோம். பத்தொன்பதாம் பருவத்தின் இறுதி ஆட்டத்திற்கு முன் சேமிப்பு நின்றுவிட்டது. அண்மையில் நண்பர் தம் பழைய பெட்டியில் கண்ட குறுவட்டையும், அக்காலத்தில் தாம் எழுதிவந்த குறிப்பேட்டையும் எம்மிடம் தந்தார்.

2. சேமிப்பின் உலகம்

இருபது ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது முதலில் தோன்றியது வியப்பே. ஆட்டத்தின் 2016 அன்று எதிர்காலம், இன்று கடந்தகாலம். உண்மை உலகில் இங்கிலாந்தின் மாவட்டப் போட்டி 2000-ஆம் ஆண்டிலேயே இரு பிரிவாயிற்று. இருபது ஓவர்ப் போட்டி 2003-இல் அங்கே தோன்றிற்று. 2008-இல் இந்தியாவில் ஐ.பி.எல். பிறந்தது. சேமிப்பின் 2016 இவற்றுள் ஒன்றையும் அறியாது. பதினெட்டு மாவட்டக் குழுக்களும் ஒரே நிரலில் நின்று நான்கு நாள் ஆட்டங்களை அமைதியாக ஆடிக்கொண்டிருக்கின்றன. மரபு வகுத்த வரம்பிற்குள் மாறாது இயங்கும் உலகம் அது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. முதற்பருவங்களில் ஆடுவோர் உண்மை மாந்தர். ஆண்டுகள் செல்லச்செல்ல அவர் ஒவ்வொருவராக ஓய்வுபெற, கணிப்பொறி படைத்த பெயர்கள் அவ்விடங்களில் வந்து அமர்கின்றன. இறுதிப் பருவத்தில் எம் குழுவில் உண்மை மனிதர் ஒருவரும் இலர். வரலாறாகத் தொடங்கிய நூல் புனைவாக முடிகின்றது. ஆயினும் எப்பருவத்தில் எல்லை கடந்தோம் என்பதை இருவரும் அன்று உணர்ந்திலோம். இன்னும் கூறின், இருவர் உள்ளத்தையும் கவர்ந்தோர் புனைவு மாந்தரே.

3. எண் கூறுவதும் கூறாததும்

சேமிப்பின் மொழி எண். ஓட்டம், விக்கெட்டு, சராசரி என்பனவே அதன் சொற்கள். எண்ணின் ஆற்றலையும் குறையையும் அறிய நம் அண்டையிலேயே சான்றுண்டு. 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தது. 348 ஓட்டங்களை நாடி ஆடிய இந்தியக் குழு 347-இல் வீழ்ந்தது. டெஸ்டு வரலாற்றில் 1960-இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததற்குப் பின் இதுவே இரண்டாம் சமன். ஆட்டப் பட்டியலில் டீன் ஜோன்ஸ் பெயருக்கு எதிரே 210 என்னும் எண் நிற்கின்றது. எட்டு மணி நேரத்திற்கு மேல் சென்னை வெயிலில் நின்று, குமட்டலும் தசைப்பிடிப்பும் வருத்த அவர் ஆடியதையும், பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் அவ்வெண் கூறாது. அதே வெயிலில் கிரெக் மாத்யூஸ் கம்பளி மேலாடையுடன் பந்து வீசிப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். பட்டியல் மேலாடையைக் கூறாது.

எனினும் சேப்பாக்க ஆட்டத்திற்குக் கண்டோர் உளர், நாளிதழ்கள் உள, படங்கள் உள. பதிகத்துடன் பாட்டும் எஞ்சியுள்ளது. கணிப்பொறிச் சேமிப்பிலோ எண்ணுக்குப் பின்னே நிகழ்ச்சி என்று ஒன்று இல்லவே இல்லை. வெயிலும் குமட்டலும் அங்கு ஆடுவோன் கற்பித்துக்கொண்டவை. ஆதலின் அஃது பாட்டில்லாப் பதிகம் ஆகின்றது.

4. நினைவும் பதிவும்

எம் வழக்கிற்கு வருவாம். கணிப்பொறி படைத்த தொடக்க மட்டையாளர் ஒருவர், ஆட்டத்தின் 2001-ஆம் பருவத்தில் இருபத்தோர் அகவையினராய் எம் குழுவில் சேர்ந்தார். 2013-ஆம் பருவத்தில் குழு முதன்முறையாக வாகை சூடிற்று. அப்பருவத்தை அவரே தாங்கினார் என்பதும், அவர் சராசரி ஐம்பதைக் கடந்தது என்பதும், அடுத்த பருவத்திலேயே நண்பரின் வற்புறுத்தலால் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதும் எம் நினைவு. இக்கதையை யாம் பலமுறை பலரிடம் கூறியிருக்கிறோம். வென்றபின் தன்னைத் தாங்கியோனைக் கைவிடும் அரசின் இயல்புக்கு எடுத்துக்காட்டாக வகுப்பிலும் கூறியதுண்டு. நண்பரைக் காணுந்தோறும் நகையாக இடித்துரைத்ததும் உண்டு. நகை என்று கூறினும் அதில் ஒரு முள் இருந்தது.

சேமிப்பு கூறுவது வேறு. 2013-ஆம் பருவத்தில் அவர் சராசரி 31. குழுவில் மிகுதியான ஓட்டம் குவித்தவர், ஆறாம் இடத்தில் ஆடிப் பந்தும் வீசிய மற்றொருவர். அவர் பெயரைத் திரையில் கண்டபோது எமக்கு அவரைப் பற்றிய நினைவு ஒன்றுமே எழவில்லை. பட்டத்தை ஈட்டித் தந்தவரை மறந்து, உடனிருந்தவரைத் தலைவனாக்கிக்கொண்டோம்.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? தொடக்க ஆட்டக்காரர் பதின்மூன்று பருவம் உடனிருந்தவர். ஆறாம் இடத்தவர் வந்து மூன்று பருவமே ஆயிற்று. நீண்ட பழக்கத்தை நினைவு பெருஞ்செயலாக மாற்றிவிட்டது. அன்றியும், விடுவிக்கப்பட்டவர் கதைக்கு அவர் பெருமை தேவைப்பட்டது. சராசரி 31 உடையவரை விடுவித்தல் கதையாகாது; 50 உடையவரை விடுவித்தலே அவலமாகும். கதையின் பொருட்டு எண்ணை உயர்த்திக்கொண்டோம் என்பதே உண்மை.

5. கூற்று

எண்ணின் திருத்தம் இவ்வளவில் முடிந்தது. ஆனால் விடுவித்தது யார் என்னும் வினாவிற்குச் சேமிப்பு விடை கூறாது. அதில் செயல் உண்டு, செய்வித்தோன் இல்லை. அகப்பாட்டைக் கூற்றுக் குறிப்பின்றிப் படிக்கும் இடர்ப்பாட்டை இதனோடு ஒப்பிடலாம். இன்ன சொல் தலைவியுடையதா தோழியுடையதா எனத் தெளியாதவிடத்துப் பொருளே வேறுபட்டுவிடும்.

இவ்விடத்து உதவியது நண்பரின் குறிப்பேடு. ஒவ்வொரு முடிவின் அருகிலும் அதனை முன்மொழிந்தவர் யார் என்பதற்கு அடையாளம் இட்டிருந்தார். முக்கோணம் அவரைக் குறிக்கும். வட்டம் எம்மைக் குறிக்கும். 2014-ஆம் பருவத் தொடக்கத்தில் அம் மட்டையாளர் பெயருக்கு எதிரே 'முப்பத்து நான்கு வயது, இனி ஏறாது' என எழுதி வட்டம் இடப்பட்டுள்ளது. அடுத்த வரியில் 'இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்' என்று எழுதி முக்கோணம் இடப்பட்டுள்ளது. முதல் வரியின்கீழ் கோடு இழுத்திருக்கிறது. விடுவித்தவர் யாமே, தடுத்தவர் நண்பர். இருபது ஆண்டுகள் அவர்மேல் ஏற்றிய பழி எம்முடையது.

கூற்றுக் குறிப்புகள் தொகுத்தோர் இட்டவை. ஆதலின் அவற்றை ஐயுற்று நோக்கல் வேண்டும் என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். இக்குறிப்பேட்டையும் அங்ஙனம் ஐயுற்றோம். எழுதியவர் தமக்குச் சார்பாக எழுதியிருக்கலாகாதா? ஏட்டை முழுதும் பார்த்தபோது அவ்வையம் நீங்கிற்று. பட்டத்திற்கு வழிகோலிய ஆறாம் இடத்தவரைச் சேர்க்கச் சொன்னதற்கு வட்டமே இட்டிருக்கிறார். தாம் சேர்த்துப் பயன்படாது போனோர்க்கு முக்கோணம் இட்டிருக்கிறார். தமக்கு எதிராகவும் எழுதிய கை நம்பத்தக்கதே.

6. முற்றுப்பெறாப் பணி

ஏட்டை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று நண்பரைக் கண்டோம். செய்தியைக் கூறுமுன் அவரிடம் அவ்விடுவிப்பைப் பற்றி வினவினோம். 'நான்தானே அவரை அனுப்பினேன்' என்றார். எம் சொல்லைக் கேட்டுக்கேட்டு அவர் நினைவும் அவ்வாறே அமைந்துவிட்டது. அவர் கையெழுத்தையே அவருக்குக் காட்டினோம். நெடுநேரம் நோக்கினார். பழிகூறியவன் மறந்தது ஒருபுறம் இருக்க, பழிக்கப்பட்டவரும் தம் நேர்மையை மறந்திருந்தமையே எம்மை வருத்தியது. வாய்ச்சொல் எத்துணை வலிமையுடன் பதிவை அழிக்கும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

அன்று மாலை ஐந்து இரதங்களின் அருகே அமர்ந்திருந்தபோது நண்பர் தம் தொழில்முறையில் ஒன்று கூறினார். தருமராச இரதத்தின் மேல்நிலைகள் முற்றியுள்ளன, அடித்தளம் முற்றவில்லை. ஆதலின் பாறையை மேலிருந்து கீழாக வெட்டினர் என்பதை எவரும் அறியலாம். முற்றாத குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாக வகுத்து, இடைநின்ற மேடுகளைத் தட்டி எடுத்த தடம் இன்றும் காணப்படும். முற்றிய சிற்பத்தில் உளியின் தடம் மறைந்துவிடும். முற்றாததில்தான் கை தெரியும் என்பது அவர் கருத்து.

இக்கருத்து எம் ஆராய்ச்சிக்கும் பொருந்தும். எம் உள்ளத்திலிருந்த கதை முற்றிய சிற்பம், வழவழப்பானது, உளித்தடம் அற்றது. சேமிப்பும் குறிப்பேடும் முற்றாத பாறை. கதை இனிமையுடையது, பாறை உண்மையுடையது.

7. முடிபு

விளையாட்டுக் கோப்பு ஒன்றனை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என வினவுவார் இருக்கலாம். அதனை இலக்கியம் என்று யாம் கூறவில்லை. உணர்ச்சியும் ஓசையும் அதில் இல்லை. மாந்தர் மனநிலை அதில் இல்லை. இலக்கியத்தின் புறத்தே நிற்கும் பதிவு என்றே கூறுகிறோம். ஆயினும் படிப்போன் தன் புனைவை எங்ஙனம் நூலின்மேல் ஏற்றுகிறான் என்பதை ஒரு பாட்டைக் காட்டிலும் இது தெளிவாகக் காட்டுகின்றது. பாட்டில் புலவன் புனைவும் படிப்போன் புனைவும் கலந்து நிற்கும், பிரித்தல் அரிது. இங்கோ எண் ஒழிந்த அனைத்தும் படிப்போனுடையதே. ஆதலின் பிழையும் அவனுடையதே என்பது மறைக்கவொண்ணாதபடி வெளிப்படுகின்றது.

இதனால் பெறப்படுவன இரண்டு. நெடுநாள் பயின்ற நூலைப் பற்றிப் பேசுமுன் அதனை மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும். பயிற்சி மிகுதியே மயக்கத்திற்குக் காரணமாதலின். பதிவு செயலை மட்டும் காக்கும். கூற்றைக் காப்பதற்கு அருகிருந்தோர் குறிப்பு வேண்டும் என்பது மற்றொன்று. வகுப்பில் யாம் கூறிவந்த எடுத்துக்காட்டைக் கேட்ட மாணவர்கள் இத்திருத்தத்தையும் ஏற்றுக்கொள்வாராக.

சேமிப்பின் இறுதி ஆட்டம் இன்னும் ஆடப்படாமல் உள்ளது. ஏட்டைப் படியெடுத்த பின்னரே திருத்தத்தில் இறங்குவது பதிப்பாசிரியர் முறை. அம்முறையே பற்றிக் கோப்பை இருபடி எடுத்து வைத்துள்ளோம். தை விடுமுறையில் இருவரும் ஒருங்கிருந்து அதனை ஆடுவதாக உள்ளோம். குறிப்பேட்டை இம்முறை யாம் எழுத வேண்டும் என்று நண்பர் கூறியிருக்கிறார்.