ஏர் பிடித்த கையும் எழுதிய கையும்

வேளாண்மை நூல் வேறு. வேளாண்மை செய்தவன் வீட்டு ஏடு வேறு. முன்னது பயிருக்கு விதி கூறும். பின்னது அவ்விதி பிறக்குமுன் ஒருவன் பட்ட பாட்டைக் கூறும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஹாட்லி என்னும் ஊரில் 1820-இல் பிறந்த லீவை ஸ்டாக்பிரிட்ஜ் உழவுக் குடியினர். 1867-இல் மாணவருக்குத் திறக்கப்பெற்ற அம்மாநில வேளாண் கல்லூரியில் பண்ணையை நடத்தினார், வேளாண்மைப் பேராசிரியரானார், 1880 முதல் 1882 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். இன்ன பயிருக்கு இவ்வளவு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எனக் கணக்கிட்டு உரமுறை வகுத்த பெருமை அவருடையது. அவர்தம் நாட்குறிப்புகள் குடும்பத்தார் தாள்களோடு, அக்கல்லூரி வளர்ந்து 1947-இல் பல்கலைக்கழகமான இடத்திலேயே பேணப்படுகின்றன. உர வாய்பாடு பழையதாகிவிடும். ஏர் பிடித்த கையே எழுதவும் செய்தது என்பதுதான் அத்தாள்களின் தனி மதிப்பு.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ அவ்விரு கைகளும் வெவ்வேறு மனிதருடையவை. 1890-களில் இங்குக் காப்பி பயிராயிற்று. விலை வீழவே ரப்பர் வந்தது. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் கெடாமல் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து எழுதினார். அதனை நாள்தோறும் செய்து காட்டிய தமிழர் எழுதவில்லை. பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், மழை விட்டபின் எப்போது உளி வைக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் கையறிந்த கல்வி. ஏட்டில் எஞ்சியது கிராணியின் செக்ரோல்: பெயர், நாள், கூலி. (பெயரும் கிராணியின் காதில் விழுந்தபடிதான்!)

சாந்து 1969-இலும் அரசரத்தினம் 1970-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட மலாயா இந்தியர் வரலாறுகள் அரிய நூல்கள், நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அவற்றுள் பெரிதும் பேசுவது அலுவலகமே, வீடன்று.

எழுத்தறியாதார் என்ன ஏடு வைத்திருப்பர் என வினவுவாருண்டு. பிறர் கையால் எழுதுவித்த ஊர்க் கடிதமும் ஏடுதான். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் எழுதத் தெரிந்தவர்களும் வாழ்ந்தார்கள். அவர்தம் தாள்களையும் யாரும் தேடியதாகத் தெரியவில்லை. தோட்டங்கள் நகரியங்களானபோது வீடு பெயர்ந்தோரின் தகரப் பெட்டிகளில் எத்தனை தாள்கள் வந்தன, எத்தனை எரிந்தன?

தமிழாசிரியர்கள் கட்டுரைப் பயிற்சியாக இதனைத் தரலாம்: வீட்டுப் பழந்தாள்களை மாணவர் படியெடுத்து வரட்டும். பால் வெட்டிய பாட்டியர் இன்னும் உளர். நிரை, மங்கு, கோட்டுப்பால் என அவர்கள் சொல்லும் சொல்லை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தாதிருக்க வேண்டும்.