தாழ்ப்பாள் போட்ட கார்

மிஸ்டர் பீன் காரை நிறுத்திவிட்டு இறங்கும் காட்சியை அடுத்த முறை அவசரமில்லாமல் பாருங்கள். எலுமிச்சைப் பச்சையில் ஒரு பழைய மினி, பானட் மட்டும் மங்கிய கறுப்பு. கதவைச் சாத்துகிறார். கார்க்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல் சாவித் துவாரத்தைத் தேடுவதில்லை. கோழிக்கூண்டுக்குப் போடுவது மாதிரி கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அதை இழுத்துவிட்டு, ஒரு பூட்டை மாட்டி அமுக்குகிறார். இதுவும் போதாதென்று ஸ்டியரிங்கைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதும் உண்டு. முகத்தில் சிரிப்பின் சாயலே கிடையாது. காரியத்தைச் சரியாக முடித்த திருப்திதான்.

அந்தத் திருப்தி நியாயமானது. தாழ்ப்பாள் வேலை செய்யத்தான் செய்கிறது. ஸ்டியரிங் இல்லாத காரை எந்தத் திருடன் ஓட்டிப் போவான்? தர்க்கத்தில் ஓட்டையே இல்லை, அதனால்தான் சிரிப்பு வருகிறது. ஒரு கதையில் ராணுவ டாங்கி ஏறி மினி அப்பளமாகிவிடும். பீனுக்கு மிஞ்சுவது அந்தப் பூட்டு மட்டும். அடுத்த மினிக்கு ஆகும் என்று அதைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்!

இப்படி யோசிக்கிறவர் யாராக இருக்கும் என்றால், எஞ்சினியர்தான். பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் நியூகாசிலில் மின்பொறியியல் படித்தவர். மேல்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு போன இடத்தில்தான் நாடகமேடை பிடித்துக்கொண்டது. படிப்பு வீணாகவில்லை. தள்ளுபடி விற்பனையில் வாங்கிய சாமான்களால் கார் நிரம்பிவிட, கூரைமேல் கட்டிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பீன் ஓட்டிவரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கயிறு, பெடலை மிதிக்கக் கம்பு. எந்த அசைவு எதை இழுக்கும் என்று கண்ணுக்கு முன்னே தெரிகிறது. வசனமே வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் பேரன்களுக்கும் பீன் ஒன்றுபோலப் புரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். 2009-ல், மினி காருக்கு 50 வயதானபோது, இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தளத்தில் அதே கோலத்தில், கூரைமேல் நாற்காலி போட்டு அமர்ந்து அட்கின்சன் சுற்றிவந்தார்.

நிஜ வாழ்க்கையில் அவர் ஒதுங்கிப் பழகும் ஆள். திக்குவாய் உண்டு, குறிப்பாக 'ப' ஒலியில் தொடங்கும் சொற்களில். வேறொருவராக நடிக்கத் தொடங்கினால் அது போய்விடுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'பிளாக்ஆடர்' தொடரில் 'பாப்' என்ற பெயரை உதடு வெடிக்க அவர் உச்சரிப்பது ரசிகர்களுக்கு மனப்பாடம். தடுக்கிவிடும் இடத்தையே ரசிக்கும் இடமாக்கிவிட்டார். இன்னொரு விசித்திரம், 1981-லேயே கனரக லாரி ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவைத்திருந்தார். லாரிமேல் ஆசை ஒரு பக்கம். நடிப்பு கைகொடுக்காவிட்டால் பிழைக்க ஒரு வழி என்ற கணக்கு இன்னொரு பக்கம்.

கையில் காசு வந்ததும் கார்கள் வந்தன. ஆஸ்டன் மார்ட்டின்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலே, 1997-ல் வாங்கிய கருஞ்சிவப்பு மெக்லாரன் எஃப்1. சாலைக்கும் பந்தயத்துக்குமாக மொத்தம் 106 மட்டுமே தயாரான கார் அது. கார்டன் மர்ரி வடிவமைத்ததில் மூன்று இருக்கைகள். ஓட்டுநர் நட்டநடுவில், பயணிகள் இருவர் சற்றுப் பின்தள்ளி இரு பக்கமும். எஞ்சின் அறையின் உள்பக்கம் தங்கத் தகடு ஒட்டியிருக்கும். ஆடம்பரத்துக்கு அல்ல, வெப்பத்தைத் திருப்பி அடிக்கத் தங்கத்தைவிடத் தோதானது கிடைக்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட மூளைக்கு இந்தத் தங்கம் எவ்வளவு பிடித்திருக்கும்!

இத்தகைய காரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போர்வை போட்டு மூடி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. அட்கின்சன் ஓட்டினார். 41,000 மைல், ஏறக்குறைய 66,000 கிலோமீட்டர். ஓட்டினால் இடிக்கத்தானே செய்யும். 1999-ல் மெட்ரோ என்ற சின்னக் கார் ஒன்றின் பின்னால் போய் முட்டினார். 2011 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரில் வழுக்கி, மரத்தில் மோதி, கார் தீப்பிடித்தது. அவர் தோளில் காயத்தோடு தப்பினார். பழுதுபார்க்க ஒரு வருடத்துக்கு மேல். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது சுமார் 9 லட்சம் பவுண்டு. சரிசெய்து வந்ததும் மறுபடி ஓட்டினார். 2015-ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி. பூட்டிவைத்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

அட்கின்சன் நடித்த 'ஜானி இங்கிலிஷ் ரீபார்ன்' படத்தை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். ஆனால் அதில் வரும் ரோல்ஸ்ராய்ஸ் பேண்டம் காரை விட முடியாது. அந்தக் கம்பெனி சோதனைக்காகச் செய்துவைத்திருந்த 9 லிட்டர், 16 சிலிண்டர் எஞ்சினை அதில் பொருத்தவேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அட்கின்சன். பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தியேட்டரில் யார் பார்க்கப்போகிறார்கள்? சாதாரண எஞ்சினே போதும், கதைக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. இருந்தும் கேட்டார், ரோல்ஸ்ராய்ஸும் மாட்டிக்கொடுத்தது.