தொலைநிலைக் கல்வியில் இணைய உரையாடல்: திருச்சிராப்பள்ளிப் பகுதியை முன்வைத்து

தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, அச்சிட்ட பாடநூலையும் தபால்காரரையும் நம்பி நடந்தது. ஆசிரியரை நேரில் காண, தொடர்பு வகுப்புகள் எனப்படும் விடுமுறை நாள் வகுப்புகளைத் தவிர மாணவருக்கு வேறு வாய்ப்பு அரிது. 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இம்முறைக் கல்வியை மேற்கொண்டு, திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசிகளும் பட்டம் பெற வழி செய்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று நேரடி வகுப்புகளை முடக்கியபோது, கூகுள் மீட், ஜூம், வாட்ஸ்அப் ஆகியவை அவற்றின் இடத்தைப் பிடித்தன. முடக்கம் நீங்கிய பின்னும் அவை விலகவில்லை.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவரங்கத்திலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் பல்கலைக்கழக வளாகமான பல்கலைப்பேரூருக்குச் செல்வதென்றால், நகரப் பேருந்தில் மத்தியப் பேருந்து நிலையம் வந்து, அங்கே வேறு பேருந்து பிடித்து, அரை நாளைக் கழிக்க வேண்டும். 2022இன் இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட மாதங்களில் சுற்றுவழி வேறு சேர்ந்துகொண்டது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாள்களில் ஊரைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடு. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, பதிவு செய்யப்பட்ட ஒரு விரிவுரையை அடுப்படி வேலை முடிந்த பின் நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிவது வெறும் வசதியன்று. படிப்பு தொடர்வதா நின்றுபோவதா என்பதையே அது முடிவு செய்கிறது.

எனினும், சாலைத் தொலைவு குறைவதும் கற்றலின் தொலைவு குறைவதும் ஒன்றல்ல. மைக்கேல் மூர் என்னும் கல்வியியலாளர் 'பரிவர்த்தனைத் தொலைவு' என்ற கருத்தின் வழியே இதை விளக்கினார்: ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே புரிதலில் நேரும் இடைவெளியே அத்தொலைவு, பாட அமைப்பு இறுகி, உரையாடல் சுருங்கச் சுருங்க அது விரியும். இந்த அளவுகோலால் பார்த்தால், நூறு பேர் ஒலியை அணைத்துவிட்டு அமர்ந்திருக்கும் ஒரு ஜூம் வகுப்பு, பழைய அஞ்சல் பாடத்தைவிட அதிகம் நெருங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் இணையப் பாடத் தளம் காணொளி, பாடக்குறிப்பு, தன்மதிப்பீடு ஆகியவற்றோடு ஐயம் தீர்க்கும் கலந்துரையாடலையும் நான்காம் கூறாக வைத்தது. நடைமுறையில் எளிதில் வறண்டுபோவது அந்த நான்காம் கூறுதான்.

வாட்ஸ்அப் குழுக்களில் இது கண்கூடு. நிர்வாகி மட்டுமே செய்தி இடும்படி அமைத்த அலுவலகக் குழு ஓர் அறிவிப்புப் பலகையே. கட்டணக் கெடுவும் தேர்வு அட்டவணையும் அதில் வரும், கேள்வி எழாது. அதனால் மாணவர்கள் தாமே வேறு குழு அமைத்துக்கொள்கின்றனர். நள்ளிரவில் பகிரப்படும் பழைய வினாத்தாளின் மங்கிய படம், "இந்த யூனிட் யாருக்காவது புரிஞ்சுதா?" என்ற குரல்பதிவு, அதற்கு அரியலூரிலிருந்து வரும் பதில் எனக் கற்றல் அங்கேதான் உயிர்பெறுகிறது. ஆனால் அங்கே ஆசிரியர் இல்லாததால், தவறான விளக்கமும் சரியான விளக்கமும் ஒரே வேகத்தில் பரவுகின்றன. 'முக்கிய வினாக்கள்' என்று வரும் பட்டியல் பாடநூலையே ஓரங்கட்டிவிடுகிறது.

புதிய கருவிகளுக்கு மாணவர் பழகவில்லை என்று சொல்லப்படும் குறை பெரும்பாலும் இடம் மாறிச் சொல்லப்படுவதாகும். குரல்பதிவில் தடையின்றிப் பேசும் ஒருவர், அதே ஐயத்தை ஆசிரியர் முன்னிலையில் எழுத்துத் தமிழில் தட்டச்சு செய்யத் தயங்குகிறார். பிழை நேர்ந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் அது. முப்பது பேருக்கு ஒரு வழிகாட்டி, வாரத்தில் ஒரு மாலை, குரலிலும் கேட்கலாம் என்ற ஏற்பாடு இருந்தால் அக்கூச்சத்தில் பாதி கரையும். அதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டியதில்லை; அந்த மாலை வேளைக்கு வழிகாட்டிக்கு ஊதியம் வேண்டும். மென்பொருளுக்கு எளிதில் ஒதுக்கப்படும் பணம் இச்செலவுக்கு ஒதுக்கப்படுவது அரிதாகவே இருக்கிறது.