கையேந்துவோரைப் பற்றிக் குழந்தையிடம் என்ன சொல்கிறோம்?

பேருந்து நிலையத்தில் ஒருவர் கையை நீட்டுகிறார். "அவங்க ஏம்மா பிச்சை எடுக்கிறாங்க?" என்று குழந்தை கேட்கிறது. நம் வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான். "ஒழுங்காப் படிக்கலன்னா நீயும் இப்படித்தான் ஆவே." "பாவம், இந்தக் காசைப் போட்டுட்டு வா." "கிட்ட போகாதே, பிள்ளை பிடிக்கிற கும்பல்." மூன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், குழந்தை கேட்ட 'ஏன்' அப்படியே நிற்கிறது.

முதல் பதில் பிள்ளையைப் படிக்கத் தூண்டும். படிப்பு வேலைக்கு வழி திறக்கும் என்பதும் உண்மை. ஆனால், கையேந்துபவர் உழைக்காதவர் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே மனதில் பதிகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்குப் போனக்காடு சாட்சி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டி, அகத்தியர் மலைக்கு ஏறும் பாதை தொடங்கும் இடத்தில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தன. தோட்டம் நொடித்தது, ஆலை மூடியது, சம்பளம் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாமே அப்போது முதலாளியின் பொறுப்பாக இருந்தன. அதனால் நிர்வாகம் கைவிட்டபோது கூலியோடு இவையும் சேர்ந்தே போயின. வேலைக்காலம் முடிந்தவர்களும் பணிக்கொடை கைக்கு வராமல், இறங்கிப் போக வேறு இடமில்லாமல், ஒழுகும் லயங்களிலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, தங்கினார்கள். அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். கிடைத்த கூலி வேலைக்குப் போய்த் தாக்குப்பிடித்தவர்கள். ஆனால், ஆயுள் முழுக்க உழைத்த குடும்பமும் எவ்வளவு விரைவில் அடுத்தவர் உதவியை எதிர்பார்க்கும் நிலைக்கு வரக்கூடும் என்பதை அந்த லயங்கள் காட்டுகின்றன. அங்கே பேய் இருப்பதாகச் சொல்லப்படும் பங்களாவைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், லயங்களையும் காட்டி அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பதில் இரக்கத்தை வளர்க்கிறது. அது பெரிய பலம். இரந்து வாங்குவது இழிவு என்று சொல்லும் ஆத்திசூடி, அடுத்த அடியிலேயே இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டு உண்ணச் சொல்கிறது. திருக்குறளும் 106, 107ஆம் அதிகாரங்களை இரத்தலுக்கே ஒதுக்கி, அந்த நிலையின் வேதனையைப் பேசுகிறது. ஆனால், கோவில் வாசலில் நடப்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் கையில் ஒரு நாணயத்தைத் திணிக்கிறோம். அது தட்டில் விழுகிறது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதற்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். நமக்குப் புண்ணியம் சேர்ந்ததாக நினைக்கிறோம். அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

மூன்றாவது பதிலைப் பொய் என்று தள்ள முடியாது. குழந்தைகளைப் பிச்சைக்குப் பயன்படுத்துவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இடம் தருகிறது. முன்பின் தெரியாதவரிடம் பிள்ளை எச்சரிக்கையாக இருக்கவும் வேண்டும். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் காட்டிய பிச்சைக்காரர்களும் வீடற்று அலைவோரும் 4 லட்சத்துக்கு மேல். முதுமை, உடல் ஊனம், மனநோய், கைவிட்ட குடும்பம் எனப் பல காரணங்களால் தெருவுக்கு வந்தவர்கள் அவர்களில் உண்டு. எல்லோரையும் கும்பலாகச் சித்திரித்தால் பிள்ளைக்கு அச்சம் மட்டுமே மிஞ்சும். டெல்லியில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவுகளை 2018இல் அந்நகர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிச்சையைச் சமூக, பொருளாதாரச் சிக்கலாகவே பார்க்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் கருதியது. கையேந்துபவரைக் குற்றவாளியாகக் காணும், நீதிமன்றங்கள் கைவிட்ட பார்வையை வீட்டில் நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

ஆகவே மூன்று பதில்களிலும் நல்லதை எடுத்துக்கொண்டு, விட்டுப்போன காரணத்தைச் சேர்ப்பதே சரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "அவங்களுக்கு வேலை இல்ல, பார்த்துக்க ஆளும் இல்லடா" என்பதே போதும். பத்து வயதுப் பிள்ளையிடம் போனக்காட்டைச் சொல்லலாம். சம்பளமும் பணிக்கொடையும் முதியோர் உதவித்தொகையும் ஒருவரைத் தெருவுக்கு வராமல் எப்படித் தாங்குகின்றன என்று விளக்கலாம். காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. ஆனால் கையேந்துபவர் காதுபட அவரை இழிவாகப் பேசாதீர்கள். சிறு குழந்தை பிச்சை எடுப்பதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளை நிற்கும்போதே அழையுங்கள்.