இரவில் யார் விழித்திருப்பார்?

குழாய் வழியாக உணவு என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான்: பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாத்தா, மூக்கில் ரைல்ஸ் டியூப், அடுப்படியில் கஞ்சியை வடிகட்டும் மருமகள், "இனிமே அவ்வளவுதான்" என்று வாசலில் பேசிக்கொள்ளும் உறவினர்கள். அதனால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வயிற்றில் குழாய் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டால், பிள்ளை கைவிட்டுப் போகிறது என்றே பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். திருநின்றவூரில் மின்சார ரயிலேறி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் குடும்பமானாலும், அரக்கோணம் வழியாகக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் குடும்பமானாலும் இந்த அச்சம் பொதுதான். அச்சத்தால் முடிவு தள்ளிப்போகிறது. தள்ளிப்போகப் போகச் சிகிச்சையின் பலனும் குறைகிறது. குழாய் உணவூட்டல் நல்ல சிகிச்சை, அதைக் கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கிவைத்தது தவறு என்பது என் கருத்து. பிள்ளையின் எடையை மட்டும் பார்த்து, வீட்டு நிலவரத்தைக் கேட்காமல் அதைப் பரிந்துரைப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிறவி நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான சி.எஃப்.டி.ஆர். மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். அந்த மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. சளியும் சுரப்புகளும் கெட்டிப்பட்டு, நுரையீரலில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் வழிகள் அடைபடுவதால் செரிமான என்சைம்கள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. அம்மா ஊற்றிப் பிசைந்த நெய் அப்படியே எண்ணெய்ப் பசையுள்ள, கடும் நாற்றமுள்ள மலமாக வெளியேறுகிறது. இன்னொரு பக்கம் இருமலும் காய்ச்சலும் உடம்பைக் கரைக்கின்றன. சம வயதுப் பிள்ளையைவிட ஒன்றரை மடங்கு வரை, சிலருக்கு இரண்டு மடங்கு வரை சக்தி தேவைப்படும், பசியோ எடுக்காது. இது வெள்ளையர்களின் நோய் என்ற எண்ணம் இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்தது. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு, மந்தத்துக்கு மருந்து சாப்பிட்டு, எலும்பும் தோலுமான பிறகே பல பிள்ளைகளுக்கு வியர்வைச் சோதனை நடக்கிறது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் பெரும்பாலும் உறுதி. ஆக, நம் பிள்ளைகள் ஓட்டத்தைத் தொடங்கும்போதே பின்தங்கியிருக்கிறார்கள்.

எடைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு டொராண்டோ, பாஸ்டன் மருத்துவமனைகளின் கதையைச் சொல்ல வேண்டும். கொழுப்பு செரிக்காது என்பதால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொழுப்பைக் குறைப்பதே அக்கால வழக்கம். டொராண்டோ மருத்துவர்கள் 1970களில் அதைக் கைவிட்டு, என்சைமை அதிகம் கொடுத்து, கொழுப்பையும் தாராளமாகச் சாப்பிடவிட்டார்கள். பாஸ்டன் பழைய வழியிலேயே நின்றது. 1988இல் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. நுரையீரல் திறன் இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயுட்காலத்தின் இடைநிலை அளவோ பாஸ்டனில் 21 ஆண்டு, டொராண்டோவில் 30 ஆண்டு. டொராண்டோ பிள்ளைகள் உயரமாகவும் இருந்தார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடுவது கறாரான சோதனை ஆகாது. ஆனாலும் இந்நோயில் உணவை மருந்துக்குச் சமமாகப் பார்க்கும் பழக்கம் அதன்பிறகே வேரூன்றியது. 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் காடரர், பான்ஸ்கி இருவரும் வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் மூலம் குழாய் வைக்கும் 'பெக்' முறையை வெளியிட்டிருந்தார்கள். வாயால் சாப்பிட்டு எடை ஏறாதவர்களுக்கு இரவில் குழாய் வழியாக ஊட்டுவது மேலைநாட்டு மையங்களில் வழக்கமானது.

இதன் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். குழாய் வைத்தவர்கள், வைக்காதவர்கள் என்று குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை எதையும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் இருப்பவை பின்னோக்கிப் பார்த்த பதிவுகள். எடை கூடுவதை அவை தெளிவாகவே காட்டுகின்றன. நுரையீரல் விஷயத்தில், சரிவு மட்டுப்பட்டது என்று சில சொல்கின்றன, மாற்றமில்லை என்று சில சொல்கின்றன. ஒன்று மட்டும் தெளிவு: நுரையீரல் மிகவும் கெட்ட பிறகு வைத்தால் மயக்க மருந்தே ஆபத்து, பலனும் குறைவு. கடைசி நேரத்தில் வைத்துவிட்டு, "குழாய் வச்சும் பிள்ளை தேறலை" என்று ஊர் பேசுவது இப்படித்தான் உண்டாகிறது.

குழாய்க்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. என்சைம் அளவு சரியா? ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 லிபேஸ் யூனிட், நாளுக்கு 10,000 என்பது மேல்வரம்பு. செலவை நினைத்து அதில் பாதிகூடக் கொடுக்காத வீடுகள் உண்டு. பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் சொல்லாமல் நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல் உட்காரவைத்துப் பேச வேண்டும். உப்பு போதுமா? திருவள்ளூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் இந்தப் பிள்ளைகளின் வியர்வையோடு உப்பு கொட்டிப்போகும். உப்பு குறைந்தால் பசி செத்துவிடும், வளர்ச்சியும் நிற்கும். சர்க்கரை எகிறியிருக்கிறதா, நெஞ்சில் தொற்று மறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்தாலே எடை ஏறிவிடும் பிள்ளைகளுக்குக் குழாய் வைப்பது அநியாயம்.

இத்தனையும் பார்த்த பிறகும் எடை ஏறவில்லை என்றால் தயங்கக் கூடாது. வாயால் சாப்பிடுவதைக் குழாய் நிறுத்திவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. பகலில் பிள்ளை தோசையும் முட்டையும் சாப்பிடும். குறைந்ததை மட்டும் இரவில் குழாய் ஈடுகட்டும். ஒரு கவளத்துக்கு அரைமணி நேரம் கெஞ்சல், மிரட்டல், அழுகை என்று நடக்கும் சாப்பாட்டுச் சண்டை ஓய்வதே பெரிய லாபம். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லிக் குழாய் போட்டுடுவேன்" என்ற மிரட்டலை மட்டும் எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது. நாளைக்குக் குழாய் உண்மையிலேயே தேவைப்பட்டால் அது தண்டனையாகத்தான் பிள்ளைக்குத் தெரியும்.

இனி அந்த இரவைப் பார்ப்போம். மருத்துவமனைக் காகிதங்களில் இது வருவதில்லை. பத்து மணிக்கு என்சைம் கொடுத்து, தலைமாட்டை உயர்த்தி, பையைத் தொங்கவிட்டுச் சொட்டு வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பம்ப் இருந்தால் வேகம் சீராக இருக்கும். இல்லாத வீட்டில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்துமாவுக் கஞ்சியை எவ்வளவு வடிகட்டினாலும் ஒரு திப்பி குழாயை அடைத்துவிடும். அதனால்தான் டப்பா மாவைப் பரிந்துரைக்கிறார்கள், அது மாதச் செலவு. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் நடுராத்திரியில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். விடிந்ததும் என்சைம், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுதல், துளையைச் சுற்றித் துடைத்தல், பிறகு சளியை வெளியேற்றும் பயிற்சி, பள்ளிக்கூடம். அப்பா சிப்காட்டில் நைட் ஷிப்ட் போகிறவர் என்றால் இத்தனையும் அம்மா ஒருத்தியின் தலையில். பிள்ளையின் எடை ஏற ஏற அம்மாவின் உடம்பு கரைவதை எந்த வரைபடமும் குறித்துவைப்பதில்லை.

துளையைச் சுற்றிச் சதை வளரும், கசியும், சிவந்து புண்ணாகும். பெரும்பாலும் இவை சமாளிக்கக்கூடியவை. குழாய் கழன்று விழுவதுதான் அவசரம். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் திருநின்றவூர் ஏரியை ஒட்டிய தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது இது நடந்தால் என்ன செய்வது? மாற்றுக் குழாய் வீட்டிலேயே இருக்க வேண்டும், அதைப் போட ஒருவருக்காவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், அருகில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவது பாதிச் சிகிச்சைதான்.

வளர்ந்த பிள்ளைகளின் மனம் தனி. பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சட்டைக்கடியில் குழாய் தொங்குவது சின்ன விஷயமில்லை, "நாளைக்குக் கல்யாணம்?" என்று பாட்டி கேட்பது அவள் காதிலும் விழும். துளை ஆறிய பின் தோலோடு ஒட்டி நிற்கும் பட்டன் வகைக்கு மாற்றலாம், தேவை தீர்ந்தால் எடுத்துவிடலாம், சிறு தழும்புதான் மிஞ்சும் என்பதை முதல் நாளே அவளிடம் சொல்ல வேண்டும். குழாயோடு வாழப்போகிறவள் அவள். அவள் சம்மதம் இல்லாமல் வைத்த குழாய் அதிக நாள் பயன்படாது.

பணத்திலும் ஓட்டை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடும் இ.எஸ்.ஐ.யும் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்க வேண்டிய மாவு, பை, மாற்றுக் குழாய் என்று வரும்போது குடும்பம் தனியாக நிற்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை இந்நோயாளிகளின் கணைய என்சைமைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரவில் குழாய் வழியாக ஊட்டும் உணவுக்கும் அங்கே இடம் வேண்டும். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மருந்து வந்த பிறகு அங்கே பலருக்கு எடை தானாகவே ஏறுகிறது, குழாயின் தேவையும் குறைந்துவருகிறது. ஆனால் அதன் அறிமுக விலையே ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அந்த மருந்து குறிவைக்கும் மரபணு மாற்றமும் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியரைவிடக் குறைவு. மருந்து வரட்டும் என்று காத்திருக்கும் நிலையில் நம் பிள்ளைகள் இல்லை.

மருத்துவர்களிடம் என் வேண்டுகோள்: நோய் உறுதியான ஆண்டிலேயே, எடை ஓரளவு இருக்கும்போதே, குழாய் என்ற வழியும் உண்டு என்று பேசத் தொடங்குங்கள். வைக்கும் முடிவை எடுக்கும் நாளில் அப்பாவின் ஷிப்ட் நேரத்தையும், வீட்டில் இரவு விழித்திருக்க இரண்டாவது ஆள் உண்டா என்பதையும் எடையோடு சேர்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன்: என்சைம், உப்பு, சர்க்கரை, தொற்று எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்து, பிள்ளையின் எடை இன்னும் ஏறாமல் நின்றால், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.