பார்வதியிடம் இல்லாத காகிதம்

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ (2024) படத்தை முதல்முறை பார்த்தபோது பிரபா, அனு என்ற இரு செவிலியர்களின் பின்னாலேயே போய்விட்டேன். இரண்டாம் முறைதான் பார்வதியைப் பார்த்தேன். அதே மும்பை மருத்துவமனையில் சமையல் வேலை. கணவர் பஞ்சாலைத் தொழிலாளி, இறந்துவிட்டார். பில்டர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். அங்கே வாழ்ந்ததற்குப் பார்வதியிடம் ஒரு காகிதமும் இல்லை.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மத்திய மும்பையின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலத்தை மறுவளர்ச்சிக்கு விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்றது 1991 விதி. கட்டடம் இல்லாத நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றது 2001 திருத்தம். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பழைய ஃபீனிக்ஸ் ஆலை இன்று மால்.

இந்தக் கணக்குகளில் வருபவர்கள் முதலாளி, அரசு, மிஞ்சினால் ஆண் தொழிலாளி. அவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட ‘கானாவளி’ப் பெண்கள் 1975இலேயே அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரண்டவர்கள். ஆனாலும் ஆலையின் பதிவேட்டில் அவர்கள் யாருமில்லை. பார்வதியைச் சமையல்காரராக்கியது தற்செயலோ என்னவோ, எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பார்வதியும் பிரபாவும் இரவில் பில்டரின் விளம்பரப் பலகைமீது கல்லெறிவதே படத்தின் உச்சம். அதன்பின் பார்வதி ரத்னகிரிக் கடலோரக் கிராமத்துக்குத் திரும்ப, படமும் கூடவே போய் அழகாகிவிடுகிறது. என் சண்டை அங்கேதான். பிரபாவுக்கும் அனுவுக்கும் அந்தக் கடல் தேவைப்பட்டது, சரி. பார்வதி கேட்டது வீட்டை. அந்த வீடு என்னவாயிற்று என்று படம் திரும்பிப் பார்க்கவே இல்லை.