இருபதுக்கு எத்தனை?

ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. மற்றவர்கள் இருபது வயது ஸ்ட்ரைக்கரை எந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களோ, இளையோர் அணியின் கோல்கீப்பிங் கோச்சுக்குப் போன சீசனில் ஊக்கமூட்டும் திறன் 12 இருந்ததா 13 இருந்ததா என்று எக்செல் தாளில் தேடிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்த ரகம்தான். செஞ்சியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரின் பயிற்சியாளர்களுக்கு மார்க் போடுவது விசித்திரமான பொழுதுபோக்கு என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்தப் பழக்கத்தில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது, ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1992இல் காலியர் சகோதரர்கள் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் தொடங்கியது, 2004இலிருந்து ஃபுட்பால் மேனேஜராக வருகிறது. பந்தை நாம் உதைப்பதில்லை. அணியை நிர்வகிக்கிறோம். வீரர்களுக்கு இருப்பதுபோலவே பயிற்சியாளர்களுக்கும் 1 முதல் 20 வரை எண்கள்: தாக்குதல், தற்காப்பு, உத்தி, நுட்பம், உடற்தகுதி, இளம் வீரர்களோடு பழகும் திறன், மன உறுதி, கண்டிப்பு, ஊக்கமூட்டல். இந்த எண்களைக் கூட்டிக் கழித்து ஒவ்வொரு பயிற்சிப் பிரிவுக்கும் அவருக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று ஆட்டம் சொல்லும். ஒரே ஆளிடம் நான்கு பிரிவுகளைக் கட்டினால் வேலைப்பளு ஏறும், நட்சத்திரம் இறங்கும்.

எனக்கு முதலில் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தால் எதுவுமே முழுதாக நடக்காது என்பதை இந்த ஆட்டம் ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிடுகிறது. கால்பந்து ரசிகனின் கண் பொதுவாக கோல் அடித்தவன் மேலேயே நிற்கும். அவனுக்குப் பதினைந்து வயதில் இடது காலால் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்க வைக்கும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. லைசென்ஸ் படிப்புக்கு அனுப்பச் சொல்லி கோச்சே வந்து கேட்பார். நிர்வாகக் குழு பணம் தர வேண்டும். படிப்பு மாதக்கணக்கில் இழுக்கும். ஓய்வை நெருங்கும் மூத்த வீரரிடம் பயிற்சிப் பக்கம் வரும்படி முன்கூட்டியே பேசி வைக்கலாம். பயிற்சியாளரும் வளர்கிற மனிதர், அவருக்கும் செலவும் காலமும் பிடிக்கும் என்ற எண்ணம் ஆட்டத்தின் அடியிலேயே இருக்கிறது. நம் விளையாட்டு நிர்வாகங்களில் இந்த எண்ணத்தை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்?

ஆனால் அந்த வளர்ச்சியைப் பார்க்க ஆட்டம் கண்ணாடி தருவதில்லை. வீரர் ஒருவரின் எண்கள் மாதாமாதம் ஏறி இறங்குவதை வரைபடமாகவே காட்டுகிறது. பயிற்சியாளருக்கு அப்படி ஒரு பக்கம், நான் ஆடிய பதிப்புகளில், இல்லை. அதனால்தான் எக்செல். சீசன் தொடங்கும்போது ஊழியர் பட்டியலை வெளியே எடுத்துச் சேமிக்க வேண்டும். முடிவில் மறுபடி எடுத்து, வரிசைக்கு வரிசை ஒப்பிட வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பிறகு பார்த்தால் பெரும்பாலும் ஒரு எண், அதிகம் போனால் இரண்டு, கூடியிருக்கும். படிப்பு முடித்து வந்தவருக்கு ஏன் உத்தி ஏறியது, ஏன் கண்டிப்பு ஏறவில்லை என்பதற்குக் காரணம் கிடையாது.

பொறுமை இழந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு நட்சத்திரக்காரரை ஐந்து நட்சத்திரம் ஆக்க மூன்று வருடம் காத்திருப்பதைவிட, ஒப்பந்தம் முடிந்த ஐந்து நட்சத்திரக்காரரைச் சந்தையில் பிடிப்பது சுலபம். வளர்ப்பதைப் பற்றிய ஆட்டம் என்று நினைத்துத் தொடங்கியது, ஆளை மாற்றும் ஆட்டமாக முடிகிறது. போதாக்குறைக்கு, வீரர்களைப் போலப் பயிற்சியாளர்களுக்கும் இன்றைய திறன், எட்டக்கூடிய திறன் என்று 200க்கு இரண்டு மறை எண்கள் உண்டு. இரண்டாவது எண்ணை, ஆட்டத்தின் தரவைத் திருத்த உதவும் எடிட்டரில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால், அந்த மனிதர் மேல் இருக்கும் ஆர்வம் அன்றோடு போச்சு. ஒருவர் எங்கே நிற்கப்போகிறார் என்பது அவர் தொடங்கும்போதே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தலையெழுத்தை நம்பாத ஆளைக்கூட இந்த ஆட்டம் நம்ப வைத்துவிடும்.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நிஜமும் அதே ஏணிதான். 2022 அக்டோபரில் பிரான்ஸின் ரீம்ஸ் அணிப் பொறுப்பை ஏற்ற வில் ஸ்டில், சின்ன வயதிலிருந்தே கால்பந்தில் ஊறியவர். அப்போது அவர் கையில் அந்த ஏணியின் உச்சியான ப்ரோ லைசென்ஸ் இல்லை. அவர் அணியோடு உட்கார்ந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது, அணியோ தோற்காமல் போய்க்கொண்டிருந்தது. தாளில் இல்லாத தகுதி மைதானத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த சான்று கிடைக்காது.

இந்தியாவுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. ஆட்டத்தில் ஒருவருக்கு வேலை கிடைப்பதைத் தீர்மானிப்பதில் பெயர்மதிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் இல்லாதவர் எத்தனை நட்சத்திரம் வைத்திருந்தாலும் பெரிய கிளப் திரும்பிப் பார்க்காது. இதைச் செயற்கையான ஏற்பாடு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். காலித் ஜமீலின் கதை அதை மாற்றியது. 2017இல் ஐஸ்வால் என்ற சிறிய அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அவர். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக உட்கார 2021 வரை ஆயிற்று. அந்த முதல் ஆள் அவரே. 2025 ஆகஸ்டில்தான் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. நம் ஊர்க் கதையும் வேறில்லை. சென்னையின் எஃப்.சி.யில் பின்வரிசையில் உழைத்த சையத் சபீர் பாஷாவுக்கு 2022 பிப்ரவரியில் அணிப் பொறுப்பு வந்தது, தலைமைப் பயிற்சியாளர் போஜிதார் பந்தோவிச் நீக்கப்பட்ட பிறகு, அதுவும் இடைக்காலமாக. பெயர்மதிப்புக் கணக்கை ஆட்டத்தின் குறை என்று சொன்னால், அது கண்ணாடியைத் திட்டுவதுதான்.

அப்படியானால் ஓட்டை எங்கே? என் பார்வையில் அது கடலூரில் இருக்கிறது.

செஞ்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைமையிடம் கடலூர். அந்தக் கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்று ஒன்று உண்டு. பயிற்சியாளர் மாரியப்பன். பெரும்பாலும் வசதியில்லாத வீட்டுப் பெண் பிள்ளைகள் அவரிடம் பந்து கற்றார்கள். இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அங்கிருந்து இந்திய அணிவரை போனார்கள். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் இறுதியில் தமிழ்நாடு, அதுவரை அசைக்க முடியாத அணியாக இருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகப் பட்டம் பெற்றது. அந்த வெற்றியின் வேர் கடலூர் மைதானத்திலும் இருக்கிறது.

இப்போது மாரியப்பனை என் எக்செல் தாளில் போட்டுப் பார்க்கிறேன். நுட்பம் எத்தனை? உத்தி எத்தனை? நான் எது போட்டாலும் அது ஊகம்தான். அவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே: அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள். அந்தக் கட்டம் என் தாளில் இல்லை, ஆட்டத்திலும் இல்லை. பயிற்சியாளர் என்னவாக இருக்கிறார் என்று இருபதுக்கு இத்தனை என எண்களில் சொல்கிற ஆட்டம், அவர் யாரை உருவாக்கினார் என்பதை ஒரு வரியிலும் சொல்வதில்லை. ஒரு பையன் தேறினால் அதற்கு ஆட்ட நேரம் காரணமா, பயிற்சி வசதியா, அவன் மறை எண்ணா, கோச்சா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இசையில் இன்னாரிடம் பாடம் கேட்டவர் என்று சொன்னால் பாதி அறிமுகம் முடிந்துவிடும். கால்பந்திலும் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தரவுத்தளத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு தெரியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025இல் வந்த பதிப்பில்தான் மகளிர் கால்பந்து முதன்முதலாக இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது. அதுவரை, மாரியப்பனின் வாழ்நாள் உழைப்புக்கு அங்கே களமே கிடையாது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. மாணவரை வைத்து ஆசிரியரை அளந்தால், நல்ல பிள்ளைகள் தானாக வந்து சேரும் பெரிய அகாடமிக்காரருக்குத்தான் புகழ் சேரும். பத்து வயதில் பந்தைத் தொட வைத்தவரை விட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் மெருகேற்றியவரைக் கொண்டாடுவோம். எண்களில் அந்தப் பாரபட்சம் குறைவு. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், பரம்பரையைத் தவறாகப் படிக்கலாம் என்பதற்காக அதை எழுதாமலே விடுவது சரியாகாது.

செஞ்சியிலும் சுற்று வட்டாரத்திலும் பந்தை முதலில் தொட வைப்பவர் கோச் அல்ல, பி.டி. சார். காலை வழிபாட்டில் வரிசை நிறுத்துவதும், சுதந்திர தின அணிவகுப்பும், குறுவட்டப் போட்டிக்குக் கபடி, கோ-கோ, எறிபந்து, ஓட்டம் என்று அத்தனை அணியையும் தயார் செய்வதும் அவர் வேலை. மிச்ச நேரத்தில் கால்பந்து. அவர் படித்தது பி.பி.எட். இன்னும் மேலே போக நினைத்தால் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்து டிப்ளமோ ஒரு வழி, கால்பந்துக் கூட்டமைப்பின் டி, சி, பி லைசென்ஸ் இன்னொரு வழி. ஒன்று அரசு வேலைக்கு உதவும், மற்றது கிளப்புக்கு. ஆட்டத்தில் ஒரே ஏணிதான், எல்லாரும் அதிலேயே ஏறுகிறார்கள்.

கணினிப் பதிப்போடு எடிட்டர் ஒன்றும் வருகிறது. அதில் புது கிளப் சேர்க்கலாம், புது மனிதரைச் சேர்க்கலாம். செஞ்சிக்கு ஓர் அணி உருவாக்கி, அதற்கு ஒரு பி.டி. சாரையும் எழுதிப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, ஊர், சம்பளம் எல்லாம் உட்கார்ந்தன. இளம் வீரர்களோடு பழகும் திறனுக்குத் தயங்காமல் 18 போட்டேன். உத்திக்கு 6. ப்ரோ லைசென்ஸ் கிடையாது, பெயர்மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். சேமித்து ஆட்டத்தைத் திறந்தால், இரண்டு நட்சத்திரம் கொடுத்து, இவரைவிடத் தகுதியான ஆளைத் தேடலாம் என்று உதவியாளர் ஆலோசனை சொல்கிறார். அந்த உதவியாளரையும் என் தாளில் சேர்த்துவிட்டேன். ஆள் திறனைக் கணிப்பதில் அவருக்கு 9.